தகுதியாரின் பெட்டி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான் என்று பள்ளிப் புத்தகங்கள் பெருமையடித்துக்கொள்கின்றன. கிடக்கட்டும். நெருப்பு மூட்டினால் எதிரிகூட வந்து குளிர்காய்ந்துவிட்டுப் போவான். சக்கரம் எவன் வண்டியிலும் உருளும். ஒரே தண்டவாளத்தில், ஒரே எஞ்சினுக்குப் பின்னால், ஒரே வேகத்தில் ஓடி, ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும், சிலர் மட்டும் உயர்ந்தவர்களாகப் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடித்தானே ஒருவன், ரயில் பெட்டிகளுக்கு வகுப்பு பிரித்தவன், அவனல்லவா மேதை! அவனுக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை. செய்து முடித்த சிலையை எந்த வகுப்பில் ஏற்றி அனுப்புவது என்று இன்னும் முடிவாகவில்லையோ என்னவோ.

அந்த மேதைக்கு மனத்துக்குள் கோயில் கட்டி வைத்திருந்தவர் எடையளவுத் துறையின் துணை ஆணையர். கடைத் தராசு நேராக நிற்கிறதா, படிக்கல் தேய்ந்திருக்கிறதா, லாரியை ஏற்றி நிறுக்கும் எடைமேடை பொய் சொல்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது அந்தத் துறையின் வேலை. ஊரில் இருக்கும் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துப் பழகியவர் மனிதர்களை மட்டும் விட்டுவைப்பாரா? அலுவலகத்தில் அவர் காதுபட ‘ஐயா’ என்பார்கள். காதுக்கு எட்டாத தூரத்தில் ‘தகுதியார்’. ஒருநாள் அது காதுக்கு எட்டியபோதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஊழியர்கள் ஏதோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அலுவல் பயணம் போகிறவர் இன்ன பதவியில் இருந்தால் இன்ன வகுப்பில் போகலாம் என்று துறையில் ஒரு விதி உண்டு. மற்றவர்கள் அதைச் சில்லறைச் சலுகை என்று நினைத்தார்கள். தகுதியார் அதைத் தன் வாழ்க்கை வரலாறாகவே படித்தார். ஆய்வாளராகச் சேர்ந்தபோது உட்கார்ந்து போகிற பெட்டி. பிறகு படுக்கைப் பெட்டி. பிறகு ஏசியில் மூன்றடுக்கு, அதன் பிறகு இரண்டடுக்கு. தலைக்கு மேலே ஒவ்வொரு பெர்த்தாகக் குறையக் குறைய மனிதன் வானத்தை நெருங்குகிறான் என்பது அவர் கணக்கு. சென்ற மாதம் துணை ஆணையராகப் பதவி உயர்வு வந்தது. சம்பளம் எவ்வளவு கூடியது என்று மனைவி கேட்டாள்.

“முதல் வகுப்பு” என்றார் தகுதியார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

வீட்டையும் அவர் விதிப்படியே நடத்தினார். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவருடையது. மூடி போட்ட கோப்பை அவருடையது. அவர் பிரித்துப் படிக்காத செய்தித்தாளை வேறு யாரும் பிரிக்கக் கூடாது. மழை வருமா என்று பார்க்கக்கூட. மகள் பள்ளியில் படித்தபோது ஒரு நாடகத்தில் ராஜகுமாரியாக நடித்தாள். அட்டைக் கிரீடமெல்லாம் வைத்துக்கொண்டு அப்பாவைத் தேடித் தேடி மேடையிலிருந்து பார்த்தாள். அப்பா வாசல்வரை வந்தது உண்மை. அவருக்கு இரண்டாவது வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். திரும்பிவிட்டார். அன்றிரவு அவள் அழுதபோது, “வந்தேன்மா. உக்காரத்தான் இல்ல” என்று பொறுமையாக விளக்கினார். எவ்வளவு கொள்கைப் பிடிப்பு இருந்தால் ஒரு மனிதன் பெற்ற பெண்ணின் கண்ணீரைக்கூடத் தாங்கிக்கொள்வான், எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்குத்தான் இப்போது கல்யாணப் பேச்சு.

மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். கப்பலில் மின்சார வேலை பார்க்கும் பையன் ஒருவன் கண்ணாடி போட வந்தான். பவர் சரியில்லை, பவர் சரியில்லை என்று திரும்பத் திரும்ப வந்தான். அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்கு முதல் நாளே தெரியும்; சொல்லவில்லை. பையனின் அம்மா மலை ஊரில் ரொட்டிக்கடை நடத்துகிறார். தகுதியார் மறுக்கவில்லை. அந்த ரொட்டிக்கடைத் தராசு சரியாக இருப்பதாக அந்த வட்டார ஆய்வாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சம்பந்தம் செய்ய இதைவிட வேறென்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை மலை ஊரில் இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. அன்று பிற்பகலே பையன் கப்பலுக்குக் கிளம்புகிறான். போனால் ஒன்றரை வருடம் தரையைப் பார்க்க மாட்டான்.

“அப்பா, எனக்கு நகை வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றாள் மகள். “அங்க எல்லாரும் உக்காந்திருக்கும்போது நீங்க என் பக்கத்துல உக்காந்து, உங்க வாயால ‘எனக்குச் சம்மதம்’னு சொல்லணும். அது போதும்.”

“சொல்றேன்மா” என்றார் தகுதியார். பெண் கேட்டது அவர் நெஞ்சில் பட்டுவிட்டது. அந்த வார்த்தையைக் கண்ணாடி முன் நின்று பல தோரணைகளில் சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்தபடி சொன்னால் எடுபடவில்லை. எழுந்து நின்று, மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, லேசாகச் செருமிவிட்டு, “சம்மதம்.” அதுதான் பொருத்தமாக இருந்தது.

இனி ரயில் ஏற வேண்டியதுதான் பாக்கி என்று சாமானியர்கள் நினைப்பார்கள். தகுதியார் உடனே குடும்பக் கூட்டத்தைக் கூட்டினார்.

கூட்டத்துக்கு மனைவி வந்தாள். அவள் பாலர் பள்ளி ஆசிரியை; ஒரு அறை நிறையச் சின்னப் பிள்ளைகளை மேய்த்துப் பழகியவள் என்பதால் குரலை உயர்த்தும் வழக்கமில்லை. மகள் வந்தாள். மனைவியின் தம்பி அழையாமலே வந்தான். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற தொழில் அவனுக்கு. ‘மைக்செட்’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். எந்தச் சத்தம் கேட்டாலும் அதைப் பத்துப் பேருக்குக் கேட்க வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

“இன்றைய பொருள், பயண வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்” என்று தொடங்கினார் தகுதியார்.

“ஏங்க, இதுல என்ன தேர்ந்தெடுக்கறது?” என்றாள் மனைவி. “நாலு பேரும் படுக்கைப் பெட்டில ஒண்ணாப் போயிடலாம். சாயங்காலம் ஏறினா காலைல ஊரு.”

“அது நடக்காது. எனக்குத் தகுதி இருக்கு.”

“அப்போ நாலு பேரும் முதல் வகுப்புல போவோம் அத்தான்” என்றான் மைக்செட். “என் பங்கை நானே போட்டுக்கறேன். எனக்கும் அந்தத் தலையணையில ஒரு தடவை தலை வச்சுப் பாக்கணும்.”

தகுதியார் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “சொந்தக் காசு போட்டா முதல் வகுப்புல யார் வேணா போகலாம்டா. அதுல என்ன மரியாதை இருக்கு? அடுத்தவன் காசுல போறதுதான் தகுதி.”

“பிச்சைக்காரனும் அதைத்தான் சொல்றான் அத்தான்.”

இது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

தகுதியார் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மலை ஊரில் மரம் ஏற்றும் லாரிகளுக்காக ஓர் எடைமேடை இருக்கிறது. அதைப் பார்வையிட வெள்ளிக்கிழமை அலுவல் பயணம் போவதாக ஆணையரிடம் அனுமதி வாங்கியாயிற்று. எடைமேடையும் பார்த்ததாகிறது, பெண்ணுக்கு வரனும் முடித்ததாகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் கல்லை எறிகிறவருக்கு மட்டும்தான் முதல் வகுப்பு. மற்ற மூவரும் படுக்கைப் பெட்டியில் வரலாம்.

“நீங்களும் எங்ககூட வாங்களேன்பா” என்றாள் மகள். “ஒரு ராத்திரிதானே. பேசிட்டே போகலாம். அங்க என்ன சொல்லணும், எப்படி உக்காரணும்னு எனக்குப் பயமா இருக்கு.”

“பேசலாம்மா. இறங்கினதும் பேசலாம்.”

“அப்பாவுக்குத் தூரப் பார்வை ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றாள் மகள் அம்மாவிடம். “கிட்டப் பார்வைதான் வேலை செய்யல.”

தன் பார்வையை மகள் பாராட்டியதில் தகுதியாருக்குத் திருப்தி. கூட்டம் இனிதே முடிந்தது.

மறுநாள் டிக்கெட் கவுண்டரில் ஒரு சிறு இடைஞ்சல். அந்த ரயில் விடிகாலையில் ஒரு ஜங்ஷனில் இரண்டாகப் பிரியும். முன்பாதி கடலோரத் துறைமுகத்துக்குப் போகும். பின்பாதி மலை ஏறும்.

“முதல் வகுப்புப் பெட்டி முன்பாதியில ஒண்ணுதான் சார் இருக்கு” என்றார் கவுண்டர்க்காரர். “மலைக்குப் போறவங்க ஜங்ஷன்ல இறங்கி, பின்னாடி படுக்கைப் பெட்டிக்கு மாறிக்கணும். அங்கேயிருந்து ரெண்டு மணி நேரந்தான்.”

“ஏன், மலைக்கு முதல் வகுப்பு கிடையாதா?”

“மேட்டுல இழுக்காது சார்.”

“என்னைவிடப் பெரிய அதிகாரி மலைக்குப் போனா?”

“அவங்களும் இறங்கி நடப்பாங்க சார். அடுத்து யாரு?”

தகுதியார் சோர்ந்துவிடவில்லை. முதல் வகுப்புப் பெட்டியை அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் பின்பாதியில் கோத்து அனுப்புமாறு ரயில் நிர்வாகத்துக்கு மனு எழுதிப் போட்டார். மூன்றாம் நாளே பதில் வந்தது: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’

“பாத்தியா?” என்று மனைவியிடம் காட்டினார்.

“என்னன்னு பாக்கறது? மாட்டறோம்னும் சொல்லல, மாட்டலன்னும் சொல்லல.”

“பரிசீலனையில இருக்குன்னா பாதி முடிஞ்ச மாதிரி.”

இதே வாக்கியத்தைத் தகுதியார் தன் கைப்பட ஆயிரக்கணக்கான மனுக்களுக்கு எழுதியிருக்கிறார். அவற்றில் ஒரு மனுவையும் அவர் பரிசீலித்ததில்லை. பரிசீலிப்பது என்றால் எப்படி என்பதும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் தனக்கு வந்தபோது நம்பினார். தன் தொழிலின் மீது ஒரு மனிதனுக்கு இதைவிட நம்பிக்கை இருக்க முடியுமா?

வியாழக்கிழமை மாலை நால்வரும் ஒரே ஆட்டோவில் நிலையத்துக்கு வந்து, பிளாட்பாரத்தின் நடுவில் பிரிந்தார்கள். தகுதியார் எஞ்சினை நோக்கி நடந்தார். மற்றவர்கள் மூட்டை முடிச்சுகளோடு கடைசிக் கோடிக்கு.

முதல் வகுப்பு அவர் கனவு கண்டதைவிட மேலாக இருந்தது. தனி அறை. இழுத்துச் சாத்தும் கதவு. திரைச்சீலை, முகம் பார்க்கும் கண்ணாடி, இரண்டு தலையணை, பணியாளரைக் கூப்பிட ஒரு மணி. எதிர்ப் படுக்கைக்கு ஆளே இல்லை. தன் பதவியை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. மணியை அடித்தார்.

“டீயா சார்?” என்று கேட்டபடி வந்தார் பணியாளர்.

“நான் எடையளவுத் துறை துணை ஆணையர்.”

“சரி சார். டீயா?”

கிளம்ப இன்னும் நேரமிருந்தது. குடும்பம் ஒழுங்காக ஏறிவிட்டதா என்று ‘பார்வையிட’ பின்கோடிவரை நடந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே ஒரே கூச்சல். மைக்செட் தன் சின்ன ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, எதிரே இருந்த குடும்பத்தையே பாட வைத்திருந்தான். யாரோ கொடுத்த ஆரஞ்சுப் பழத்தை மனைவி உரித்து, தெரியாத ஒரு குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, யாரும் உட்காராதபடி கைப்பையை வைத்திருந்தாள்.

“வாங்கப்பா. உங்களுக்குத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். ஜங்ஷன் வரைக்குமாவது வாங்க. எதிர்ல இருக்கறவங்க நகந்துக்கறோம்னு சொல்லிட்டாங்க.”

தகுதியாருக்குக் கால் ஒரு அங்குலம் முன்னால் வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆரஞ்சு வாசனைக்கும் அந்தக் கைப்பை காத்துக்கொண்டிருந்த இடத்துக்கும் முன்னால் அவர் உள்ளம் ஒரு கணம் தடுமாறியது. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய காலை அவர் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“முதல் வகுப்பு வாங்கிட்டு இதுல உக்காந்தா, வாங்கினதுக்கு என்னம்மா அர்த்தம்?”

விசில் ஊதியது. திரும்பி வேகமாக நடந்தார். அறைக்குள் வந்து கதவை இழுத்துச் சாத்தியதும் பாட்டுச் சத்தம் துளிகூடக் கேட்கவில்லை. இரண்டு தலையணையும் போட்டுப் படுத்தார். ஒன்று உயரம் குறைச்சல், இரண்டு உயரம் அதிகம். எதிர்ப் படுக்கையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அவ்வளவு வசதியான இடத்தில் தூக்கம் வராமல் கிடப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

பொழுது விடிய ஜங்ஷன் வந்தது. பாதி ரயிலைக் கழற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. தகுதியார் சவரம் செய்து, மேல்சட்டை மாட்டிக்கொண்டு, தன் பெட்டியைக் கழற்றிப் பின்னால் கோக்க ஆட்கள் வருகிறார்களா என்று வாசலில் நின்று எதிர்பார்த்தார். ஒருவரும் வரவில்லை. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயில் கார்டுதான் வந்தார்.

“இந்தப் பெட்டியை எப்போ பின்னாடி மாட்டுவீங்க?”

கார்டு பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “பெட்டியை மாத்த மாட்டோம் சார். ஆளைத்தான் மாத்துவோம். மலைக்கா? சீக்கிரம் நடங்க, கிளம்பப் போகுது.”

“என் மனு பரிசீலனையில இருக்கு.”

“அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். நீங்க நடங்க.”

அதற்குள் பிளாட்பாரத்தின் மறுகோடியிலிருந்து மகள் ஓடி வந்தாள். பின்னாலேயே மனைவி, வேகமாக. புதுப் புடவை கட்டியிருந்தாள் மகள், தலை வாரி முடித்திருந்தாள், மூச்சிரைத்தது.

“அப்பா, இன்னும் இறங்கலியா? பையைக் குடுங்க. நான் தூக்கிட்டு வரேன்.”

“இரும்மா. ஒரு சிக்கல் இருக்கு. தகுதிக்குக் குறைஞ்ச வகுப்புல அலுவல் பயணம் போகணும்னா மேலதிகாரியோட முன் அனுமதி வேணும்.”

“யாருப்பா மேலதிகாரி?”

“ஆணையர். ஆபீசுக்கு வந்ததும் கேக்கலாம்.”

“அவர் வர்றதுக்குள்ள நாம ஊருக்கே போயிருப்போம்! இப்பவே போன் பண்ணுங்க.”

“தூங்கறவரை எழுப்பி அனுமதி கேக்கறது ஒழுங்குமீறல்மா.”

“ஏங்க” என்றாள் மனைவி. பாலர் பள்ளியில் நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்ட பிள்ளையைக் கூப்பிடும் அதே குரல். “ரெண்டு மணி நேரம். உக்காந்து வர்றது கஷ்டமா இருந்தா என் மடியில படுத்துக்கங்க. யாரும் பாக்க மாட்டாங்க. இறங்குங்க.”

“விதின்னு ஒண்ணு இருக்கே.”

“அப்பா, இன்னிக்கு ஒருநாள்” என்றாள் மகள். குரல் உடைந்துவிட்டது. “நீங்க பக்கத்துல இருக்கணும்னு மட்டும்தான கேட்டேன்?”

தகுதியார் படியில் நின்றிருந்தார். பிளாட்பாரம் அவருக்கு ஒரே ஒரு அடி கீழே இருந்தது. அந்த ஒரு அடியை ஏறி வர அவருக்குப் பாதி ஆயுள் ஆகியிருக்கிறது. இறங்கு என்றால் இறங்கிவிட முடியுமா? மகளின் முகத்தைப் பார்க்காமல் அவள் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

கார்டு விசிலை ஊதினார். மகள் பையின் பிடியை விட்டாள்.

“சரிப்பா” என்றாள்.

அப்படியே அவள் அம்மா சொல்கிற ‘சரிங்க’வின் அதே ராகம். எத்தனையோ வருடமாகத் தினம் கேட்டும் தகுதியாருக்கு உறுத்தாத அந்த ராகம் அன்று என்னவோ சுருக்கென்றது. அம்மாவும் பெண்ணும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். மைக்செட் கடைசிப் பெட்டி வாசலில் தொங்கியபடி இரண்டு பேரையும் கை கொடுத்துத் தூக்கிப் போட்டான். மலை ரயில் ஒரு பக்கம் நகர்ந்தது. முதல் வகுப்பு மறுபக்கம் நகர்ந்தது. விதி காப்பாற்றப்பட்டது.

துறைமுக நிலையத்தில் இறங்கிய ஒரே முதல் வகுப்புப் பயணி தகுதியார்தான். மலை ஊருக்குக் கார் பிடித்தாலும் பையன் கிளம்பிப் போன பிறகுதான் போய்ச் சேர முடியும் என்றார்கள். முதல் வகுப்புப் பயணிகள் காத்திருப்பு அறை பூட்டிக் கிடந்தது.

“இங்க யாரும் வர்றதில்ல சார்” என்று சாவியைத் தேடிக்கொண்டு வந்தார் நிலையப் பணியாளர். “உங்ககூட எத்தனை பேரு?”

“நான் மட்டும்தான்.”

“அப்போ தாராளமா உக்காருங்க.”

ரெக்சின் கிழிந்த நீண்ட சோபாக்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. நடுவில் உட்கார்ந்துகொண்டு மைக்செட்டுக்குப் போன் போட்டார். அவமானமோ பதற்றமோ அவர் குரலில் இல்லை. எல்லாம் முறைப்படியே நடக்கப் போகிறது.

“அத்தான்! எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு. அவங்க வீட்டுப் பெரியவங்க எல்லாம் உக்காந்துட்டாங்க.”

“போனை நடுவுல வை. ஸ்பீக்கர்ல போடு. நான் இங்கேயிருந்தே சம்மதத்தைச் சொல்லிடறேன்.”

“இப்பவே சொல்லிடுங்க அத்தான்! பாப்பா முகமே சரியில்ல.”

“அப்படி எடுத்த உடனே சொல்லக் கூடாது. முதல்ல யாராவது நாலு வார்த்தை பேசி என்னைக் கூப்பிடணும். அப்புறம்தான் நான் பேசணும். கூப்பிடற வரைக்கும் காத்திருக்கேன்.”

ஸ்பீக்கர் என்ற சொல் காதில் விழுந்ததும் மைக்செட்டுக்கு மற்றது எல்லாம் மறந்துவிட்டது. போனைத் தன் சின்ன ஒலிபெருக்கியோடு இணைத்து, ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக் கூடத்தின் நடு மேசையில் வைத்தான். தகுதியாரைப் பேசக் கூப்பிடும்படி யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அவன் தொழிலில் மைக் கட்டுவதுதான் அவன் வேலை, பேச்சாளரைக் கூப்பிடுவது வேறு ஆள்.

தகுதியார் போனைக் காதில் அழுத்திக்கொண்டார். கோப்பைகள் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. பையன் மெதுவாக ஏதோ சொல்ல, மகள் சிரிக்கப் பார்த்து முடியாமல் நிறுத்தியதும் கேட்டது. எழுந்து நின்று, மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தயாரானார்.

பையனின் அம்மா குரல் வந்தது. “எல்லாரும் இருக்கோம். பொண்ணோட அப்பாவுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம். அவரு எதுல வர்றாரு?”

“முதல் வகுப்புல வர்றார்ங்க” என்றான் மைக்செட்.

“முதல் வகுப்பா? அந்தப் பெட்டி எங்க ஊருக்கு வராதே!”

இதுதான் தன்னைக் கூப்பிடும் தருணம் என்று தகுதியார் லேசாகச் செருமினார். அதற்குள் அவர் மனைவியின் குரல், உயராமல், நிதானமாகக் கேட்டது.

“எங்க வீட்டுக்கும் அது வந்ததில்லைங்க. பொண்ணை நான் வளத்துட்டேன், கல்யாணமும் பண்ணிடுவேன். எங்களுக்குச் சம்மதம். நீங்க தேதியைச் சொல்லுங்க.”

“ஐயையோ அக்கா, போன் ஆன்ல இருக்கு!” என்று மைக்செட் அலறுவது கேட்டது. உடனே இணைப்பு அறுந்தது.

தகுதியார் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, பல நாள் கண்ணாடி முன் பழகியபடியே, தெளிவாக, குரல் நடுங்காமல் சொன்னார்:

“சம்மதம்.”

அருமையாகச் சொன்னார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது முதல் வகுப்புப் பயணிகளுக்கு மட்டுமே உரிய அறை. கேட்பதற்கு அங்கே தகுதியுள்ளவர்கள் வேறு யாரும் இல்லை.